பிடிக்கவில்லையா? பிரித்துக்கொண்டு போ!

திறந்த மூல இயங்குதளங்களில் பெரிய மாற்றம் எதுவும் சண்டை இல்லாமல் வந்ததில்லை. யாருடைய கோபம் எடுபடுகிறது, யாருடையது காற்றோடு போகிறது?

2020 நவம்பர் 30ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸின் ஆயுள் முடிந்தது. முன்பே சொன்ன தேதி என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. பொறுப்பான சிஸ்டம் அட்மின்கள் அதற்குள் தங்கள் சர்வர்களைப் புத்தம் புதிய சென்ட்ஓஎஸ் 8க்கு மாற்றி முடித்திருந்தார்கள். இனி 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், கவலையில்லை என்று உட்கார்ந்தார்கள். அந்த நிம்மதி எட்டு நாள்தான் நீடித்தது.

டிசம்பர் 8ஆம் தேதி அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8, 2029 வரை அல்ல, 2021 டிசம்பர் 31 வரைதான். இதில் வயிற்றெரிச்சலைக் கூட்டிய சங்கதி ஒன்று உண்டு. பழைய சென்ட்ஓஎஸ் 7க்குச் சொன்னபடியே 2024 ஜூன் வரை ஆதரவு தொடரும் என்றார்கள். ஆக, சொன்ன பேச்சைக் கேட்டுப் புதிய பதிப்புக்கு மாறியவர் மாட்டிக்கொண்டார். சோம்பல்பட்டுப் பழையதிலேயே கிடந்தவர் தப்பித்தார்.

ஒரு பைசா கொடுக்காமல் வாங்கிய பொருளை நிறுத்தினால் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, சென்ட்ஓஎஸ் எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்காக ஒரு லினக்ஸைத் தயாரித்து, அதற்கான சேவையை ஆண்டுச் சந்தாவுக்கு விற்கிறது. அதற்குள் இருக்கும் மென்பொருள்களில் பெரும்பகுதி ரெட் ஹாட் எழுதியதல்ல. உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் எழுதியது. அவற்றில் பலவற்றின் உரிமங்கள், மென்பொருளைப் பெறுபவருக்கு மூலநிரலையும் கொடுக்கச் சொல்கின்றன. ரெட் ஹாட் அதை எல்லோருக்குமே திறந்து வைத்தது. 2004இல் சில தன்னார்வலர்கள் அந்த மூலநிரலை எடுத்து, ரெட் ஹாட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, மறுபடி கட்டி இலவசமாக வெளியிட்டார்கள். அதுதான் சென்ட்ஓஎஸ். காசு கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் வேலை செய்யும் விதத்தில் வித்தியாசம் இல்லை. வலைத்தளம் நடத்தும் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள் என்று இணையத்தின் பின்கட்டு முழுக்க அது பரவியது.

2014 ஜனவரியில் ரெட் ஹாட் சென்ட்ஓஎஸ்ஸை அணைத்துக்கொண்டது. அதன் முக்கிய நிரலாளர்களை வேலைக்கு எடுத்தது, பெயரும் ரெட் ஹாட்டின் கைக்கு வந்தது. அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். 2019 ஜூலையில் 3,400 கோடி டாலர் கொடுத்து ஐபிஎம் ரெட் ஹாட்டையே வாங்கியபோது முணுமுணுப்பு பெருத்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே. பழைய சென்ட்ஓஎஸ் ரெட் ஹாட் லினக்ஸுக்குப் பின்னால் வந்த நகல். ஸ்ட்ரீம் அதற்கு முன்னால் ஓடும் ஒத்திகை. நாளை ரெட் ஹாட்டில் என்ன வரப்போகிறது என்பதை அதில் இன்றே பார்க்கலாம். நிரலாளருக்கு அது வரப்பிரசாதம். சர்வரை நிறுவிவிட்டு ஐந்து வருடம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க விரும்பாதவருக்கு அதனால் என்ன பயன்?

இந்தக் கதையில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அமெரிக்காவின் ஃபெர்மிலாபும் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் இந்த இரு கூடங்களும் ரெட் ஹாட் மூலநிரலிலிருந்து சயன்டிஃபிக் லினக்ஸ் என்ற சொந்தப் பதிப்பை வைத்திருந்தன. 2019 ஏப்ரலில் ஃபெர்மிலாப், ஒரே வேலையை எதற்கு இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், சென்ட்ஓஎஸ் 8க்கே போய்விடலாம் என்று முடிவெடுத்து, அடுத்த பதிப்பைக் கைவிட்டது. ஒன்றரை ஆண்டில் சென்ட்ஓஎஸ் 8க்கே முடிவுரை எழுதப்பட்டது. 2022 டிசம்பரில் இரு கூடங்களும் மூன்றாவதாக ஒரு லினக்ஸைத் தேர்ந்தெடுத்து அறிவித்தன. அதன் பெயர் ஆல்மாலினக்ஸ். சென்ட்ஓஎஸ் 8 கைவிடப்பட்ட கோபத்தில் பிறந்த குழந்தை அது.

ஆம், கோபம் குழந்தை பெற்றது. ஒன்றல்ல, இரண்டு. சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்க கால நிறுவனர்களில் ஒருவரான கிரகரி குர்ட்சர், அறிவிப்பு வந்த கையோடு, பழைய நோக்கத்துக்காகவே புதிதாக ஒன்றைத் தொடங்கப்போவதாகச் சொன்னார். மறைந்துபோன சக நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயர். இன்னொரு பக்கம் கிளவுட்லினக்ஸ் என்ற நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி ஆல்மாலினக்ஸைத் தொடங்கியது. ஆல்மா 2021 மார்ச்சில் வந்தது, ராக்கி ஜூனில் வந்தது. சென்ட்ஓஎஸ் 8 மூச்சை நிறுத்துவதற்குள் மாற்று இரண்டும் தயார்.

இதைத்தான் இந்த உலகத்தில் ஃபோர்க் என்கிறார்கள். மூலநிரல் திறந்திருப்பதால், போக்குப் பிடிக்காதவர் அதைப் பிரித்துக்கொண்டு போய்த் தனிக்குடித்தனம் நடத்தலாம். யாரும் தடுக்க முடியாது. கட்டற்ற மென்பொருளில் பயனாளருக்கு இருக்கும் கடைசி ஆயுதம் இது. ஆனால் அதை ஏந்த ஆள் வேண்டும், பணம் வேண்டும், வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். சென்ட்ஓஎஸ் விஷயத்தில் மூன்றும் இருந்தன. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

நாலுக்கு நாலு

கம்பெனியே இல்லாத இடத்தில் சண்டை எப்படி இருக்கும்? டெபியனைப் பார்க்க வேண்டும். 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. முதலாளி கிடையாது. எழுதி வைத்த அரசியலமைப்பு உண்டு, தேர்தல் உண்டு, ஓட்டுரிமை பெற்ற சுமார் ஆயிரம் நிரலாளர்கள் உண்டு. உபுண்டு உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட லினக்ஸ்கள் டெபியனிலிருந்து கிளைத்தவை. சென்னையிலுள்ள அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே மரத்தின் கிளைதான்.

2013 அக்டோபரில் அங்கே ஒரு கேள்வி எழுந்தது. கணினியை முடுக்கியதும் முதலில் எழும் நிரல் எதுவாக இருக்க வேண்டும்?

கூட்டுக் குடும்பத்தில் விடியற்காலையில் முதல் ஆளாக எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, மற்றவர்களை ஒவ்வொருவராக எழுப்பிவிடும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இனிட் என்ற நிரல் செய்வது அந்த வேலை. அதற்கு எண் 1. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தது 1980களின் யூனிக்ஸ் மரபில் வந்த சிஸ்வி இனிட். எளிய ஷெல் ஸ்கிரிப்டுகளின் தொகுப்பு. எங்கே கோளாறு என்றாலும் கோப்பைத் திறந்து படித்து, இரண்டு வரியை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றாக, வரிசையில்தான் எழுப்பும். எழுப்பியது மறுபடி படுத்துவிட்டால் அதற்குத் தெரியாது.

2010இல் ரெட் ஹாட்டைச் சேர்ந்த லெனார்ட் பொய்ட்டரிங்கும், கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற மாற்றை முன்வைத்தார்கள். ஒரே நேரத்தில் பலவற்றை எழுப்பும், விழுந்ததைத் திரும்பத் தூக்கி நிறுத்தும், எது எதைச் சார்ந்தது என்று கணக்கு வைத்திருக்கும். அடுத்த ஆண்டே ஃபெடோரா லினக்ஸ் அதை ஏற்றது. அதோடு நிற்காமல் சிஸ்டம்டி வளர்ந்தது. பதிவேடுகளைத் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கியது, அதுவும் சாதாரண உரையாக இல்லாமல் தனக்கென்று ஒரு பைனரி வடிவத்தில். பயனர் உள்நுழைவைக் கவனித்தது. வன்பொருளைக் கண்டறியும் யூடெவையும் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது. க்னோம் டெஸ்க்டாப்பின் சில பகுதிகள் அதை எதிர்பார்க்கத் தொடங்கின.

எதிர்த்தவர்கள் சொன்னதில் உப்பு இருந்தது. ஒரு நிரல் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது யூனிக்ஸ்காரர்களின் பழைய ஒழுக்கம். எண் 1 நிரல் இத்தனை சுமையைத் தூக்கினால், அது விழும்போது எல்லாம் விழும். தவிர, சிஸ்டம்டி, லினக்ஸின் உட்கருவான கர்னலில் மட்டும்தான் ஓடும். டெபியனோ ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கர்னல் மீதும் ஒரு பதிப்பை வைத்திருந்தது. அதன் கதி என்ன? ஆதரித்தவர்கள் கேட்டதிலும் உப்பு இருந்தது. நூற்றுக்கணக்கான ஷெல் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொரு லினக்ஸும் தனித்தனியாக எழுதித் திருத்திக்கொண்டிருப்பது யாருக்கு லாபம்? முடியாது என்பவர்கள் மாற்றாக எதைக் கட்டித் தருகிறார்கள்?

மாற்று ஒன்று இருந்தது. உபுண்டுவின் தாய் நிறுவனமான கனானிக்கல் 2006இலிருந்து பயன்படுத்திய அப்ஸ்டார்ட். விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. எட்டு உறுப்பினர்கள். மாதக்கணக்கில் வாதம் நடந்தது. 2014 பிப்ரவரியில் ஓட்டெடுத்தால் நாலுக்கு நாலு. அப்ஸ்டார்டுக்கு ஓட்டளித்த நால்வரில் இருவர் அப்போது கனானிக்கலில் சம்பளம் வாங்கியவர்கள்; இன்னொருவர் முன்பு அங்கே இருந்தவர். இதைச் சுட்டிக்காட்டாத ஆள் இல்லை. ஆனால் ஓட்டோடு சேர்த்து அவர்கள் எழுதி வைத்த தொழில்நுட்பக் காரணங்களைப் படித்தால், அந்தக் குற்றச்சாட்டு கொஞ்சம் அநியாயம் என்றே தோன்றும். கடைசியில் தலைவர் பிடேல் கார்பி தன் தீர்மான ஓட்டைப் போட்டார். சிஸ்டம்டி வென்றது. சில நாட்களில் கனானிக்கல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், உபுண்டுவும் அப்ஸ்டார்டைக் கைவிட்டு டெபியன் வழியே போகும் என்று அறிவித்தார். தோற்ற பிறகு கௌரவமாக நடந்துகொள்வது இந்த வட்டாரத்தில் அபூர்வம். அவருக்கு அந்தப் பெருமை உண்டு.

சண்டை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் பொய்ட்டரிங், தன்னைக் கொல்ல ஆள் அமர்த்துவதற்கென்று சிலர் பிட்காயின் வசூல் செய்வதாகப் பகிரங்கமாக எழுதினார். கணினி எப்படிப் பூட் ஆக வேண்டும் என்ற பிரச்சினைக்கு! இந்த இடத்தில் சமூகத்தின் கருத்து என்ற சொல்லுக்கே மரியாதை போய்விட்டது.

நவம்பரில், இயன் ஜாக்சன் கொண்டுவந்த ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஜாக்சன் டெபியனின் பேக்கேஜ் நிர்வாகி டிபிகேஜியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், முன்னாள் திட்டத் தலைவர்; சாதாரண ஆள் அல்ல. எந்த மென்பொருளும் ஒரே ஒரு இனிட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது அவர் கோரிக்கை. பல யோசனைகள் ஓட்டுக்கு வந்தன. ஜெயித்தது எது தெரியுமா? இந்த விஷயத்தில் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற யோசனை. களைத்துப்போன ஒரு கூட்டம் வேறெப்படி ஓட்டுப் போடும்?

அந்த மாதத்தில் விழுந்த விக்கெட்டுகள் அதிகம். 18 ஆண்டுகள் டெபியனுக்கு உழைத்த ஜோய் ஹெஸ் மொத்தமாக விலகினார். ஜாக்சன், ரஸ் ஆல்பெரி, காலின் வாட்சன் மூவரும் தொழில்நுட்பக் குழுவிலிருந்து ராஜினாமா செய்தார்கள். ஆல்பெரி சிஸ்டம்டிக்கு ஓட்டளித்தவர், வாட்சன் அப்ஸ்டார்டுக்கு ஓட்டளித்தவர். ஜெயித்த பக்கமும் தோற்ற பக்கமும் ஒன்றாக எழுந்து போனதைக் கவனிக்க வேண்டும். சிஸ்டம்டியை டெபியனில் பராமரித்த குழுவிலிருந்தும் ஒருவர் போனார்.

அதே நவம்பர் கடைசியில், மூத்த யூனிக்ஸ் நிர்வாகிகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு குழு டெவுவான் என்ற பெயரில் டெபியனைப் பிரித்துக்கொண்டு போவதாக அறிவித்தது. சிஸ்டம்டி இல்லாத டெபியன். ஆரவாரம் பெரிதாக இருந்தது. முதல் நிலையான பதிப்பு எப்போது வந்தது? 2017 மே மாதம். இரண்டரை ஆண்டுகள். அதுவும் 2015இல் வந்த டெபியன் 8ஐ ஒட்டியது. டெவுவான் வெளியான மூன்று வாரத்தில் டெபியன் 9 வந்துவிட்டது. கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. டெவுவான் இன்றும் உயிரோடு இருக்கிறது, 2023இல் ஐந்தாம் பதிப்பைக் கொடுத்தது, அதை நம்பிச் சர்வர் நடத்துவோர் இருக்கிறார்கள். ஆனால் சிஸ்டம்டியை எதிர்த்து எழுதிய ஆயிரக்கணக்கானோரில் டெவுவானில் உட்கார்ந்து பேக்கேஜ் கட்டியவர்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். கோபத்துக்கும் உழைப்புக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளிதான் சிஸ்டம்டியின் வெற்றி.

2019 டிசம்பரில் டெபியன் மீண்டும் ஓட்டெடுத்தது. இம்முறை தீர்ப்பு தெளிவு. சிஸ்டம்டியே வழி, மாற்றுகளை முயல்வோருக்குக் கதவு திறந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டி கர்னல் பதிப்போ டெபியன் 8லேயே அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது.

சிஸ்டம்டி வேண்டாம் என்பவருக்கு ஸ்லாக்வேர், ஆல்பைன், ஜென்டூ போன்ற லினக்ஸ்களில் இடம் இருக்கிறது.

ஆறு நாளும் மூன்றரை ஆண்டும்

ஊர் கூடி எதிர்த்தும் அசையாத முடிவுகள் உண்டு. ஒரே ஒரு கம்பெனி முகம் சுளித்ததும் புரண்டு படுத்த முடிவுகளும் உண்டு. இரண்டுக்கும் உபுண்டுவிலேயே உதாரணம் கிடைக்கிறது.

2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10இல், உங்கள் கணினியிலுள்ள ஒரு கோப்பைத் தேட ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் கனானிக்கலின் சர்வருக்குப் போனது. அமேசானில் அதே பெயரில் விற்கும் பொருள்கள் தேடல் முடிவுகளோடு சேர்ந்து வந்து நின்றன. வீட்டுக்குள் எதையோ தேடினால் கடைக்காரன் எட்டிப் பார்ப்பதா என்று கொதித்தார்கள். மின்வெளி உரிமைகளுக்காகப் போராடும் ஈஎஃப்எஃப் கண்டித்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வேவு மென்பொருள் என்றே எழுதி, உபுண்டுவைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றார். ஷட்டில்வொர்த்தின் விளக்கம் விசித்திரமானது. உங்கள் கணினியில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரமே எங்களிடம் இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறீர்கள் என்ற தொனியில் பேசினார். அந்தத் தேடல் தானாக இயங்காத நிலைக்கு வந்தது 2016 ஏப்ரலில், 16.04 பதிப்பில். மூன்றரை ஆண்டுகள்.

2019 ஜூன் 18ஆம் தேதி அதே உபுண்டு, அடுத்த பதிப்பிலிருந்து 32 பிட் நூலகங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. புதிய கணினிகள் எல்லாம் 64 பிட். பழையதைச் சுமந்துகொண்டே இருக்க முடியாது என்ற வாதம் காகிதத்தில் சரிதான். ஆனால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கும் பழைய விளையாட்டுகள் ஏராளமானவை 32 பிட். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனுக்கும் அவை வேண்டும். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர், வரப்போகும் உபுண்டுவை அதிகாரபூர்வமாக ஆதரிக்க மாட்டோம், பயனர்களுக்கு வேறு லினக்ஸைப் பரிந்துரைக்கப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 24ஆம் தேதி கனானிக்கல் பின்வாங்கியது. ஆறே நாள்.

தனியுரிமை பற்றிய கவலை விளையாட்டை விடச் சின்னதா? இல்லை. ஆனால் ஸ்டால்மன் சொன்னதால் உபுண்டுவை விட்டுப் போகும் ஆட்களை விட, ஸ்டீம் ஓடாவிட்டால் போகக்கூடியவர்கள் அதிகம் என்று கனானிக்கல் கணக்குப் போட்டது. விமர்சனத்தின் நியாயத்தை யாரும் எடை போடவில்லை. விட்டுப் போகக்கூடியவர்களின் எடையைத்தான் போட்டார்கள்.

க்னோம் டெஸ்க்டாப்பின் கதையும் இதையே சொல்கிறது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, பழகிய மெனுவும் கீழே இருந்த ஜன்னல் பட்டியும் காணாமல் போயிருந்தன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடுமையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் பக்கம் போனார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2ஐப் பிரித்தெடுத்து, அந்த நாட்டு மூலிகை பானத்தின் பெயரை வைத்து மாட்டே என்று தொடங்கினார். லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைத் தொடங்கியது. இரண்டும் இன்றும் நன்றாக ஓடுகின்றன. க்னோம் குழுவோ அசையவில்லை. ஆனால் 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்தபோது அதன் டெஸ்க்டாப் பழைய க்னோம் 2 சாயலில், கிளாசிக் தோற்றத்தில்தான் திறந்தது. காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்குப் பழைய முகம் கிடைத்துவிட்டது! டோர்வால்ட்ஸும் பிறகு க்னோமுக்கே திரும்பினார் என்பது தனிக்கதை.

மின்ட் குழு இந்த விளையாட்டை நன்றாகப் புரிந்துகொண்ட ஒன்று. உபுண்டு 20.04இல் குரோமியம் உலாவியை வழக்கமான முறையில் நிறுவச் சொன்னாலும், பின்னால் ஸ்னாப் என்ற கனானிக்கலின் சொந்த முறையில் இறங்கியது. ஸ்னாப் கடையின் சர்வர் பக்கத்து நிரல் திறந்த மூலம் அல்ல. கேட்காமல் கதவைத் திறக்கிறார்கள் என்று மின்ட் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் சொன்னார். சொன்னதோடு விடாமல், 2020இல் வந்த மின்ட் 20இல் ஸ்னாப் தானாக நுழைய முடியாதபடி பூட்டும் போட்டார். மின்ட் கட்டப்பட்டதே உபுண்டுவின் மேல்தான். அஸ்திவாரத்தை வைத்துக்கொண்டு மேல்மாடிக்குத் தனிச் சாவி போடுவது இப்படித்தான்.

மறுபடி ரெட் ஹாட்

2023 ஜூன் 21ஆம் தேதி ரெட் ஹாட் அடுத்த அடியை எடுத்து வைத்தது. இனி அதன் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரல் பொதுவெளியில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வடிவில் மட்டுமே கிடைக்கும். அச்சு அசலான மூலம் வேண்டுமென்றால் வாடிக்கையாளராக வேண்டும். வாடிக்கையாளர் அதை வெளியே கொடுத்தால் சந்தா ரத்தாகலாம். லினக்ஸ் கர்னல் உட்படப் பலவற்றுக்கு உரிய ஜிபிஎல் உரிமம், மென்பொருளைப் பெற்றவருக்கு மூலத்தைக் கொடு என்கிறதே தவிர, ஊருக்கே கொடு என்று சொல்லவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி ரெட் ஹாட் சரியாக நடப்பதாகவே பலர் ஒப்புக்கொண்டார்கள். பெற்றவர் அதை மற்றவருக்குக் கொடுக்கும் உரிமையை வேறொரு ஒப்பந்தத்தால் மிரட்டுவது அந்த உரிமத்தின் உயிருக்கு ஒத்துவருமா என்பதில்தான் தகராறு. அது இன்னும் தீரவில்லை.

ரெட் ஹாட்டின் மைக் மெக்ராத் ஒளிவுமறைவின்றிப் பேசினார். எதையும் சேர்க்காமல் அப்படியே மறுபடி கட்டி விற்பவர்கள் திறந்த மூல நிறுவனங்களுக்கே ஆபத்து என்றார். இதில் ஓரளவு நியாயம் உண்டு. லினக்ஸுக்கு ரெட் ஹாட் செலவழித்த அளவுக்குச் செலவழித்த நிறுவனங்கள் குறைவு. 2006இலிருந்தே ஆரக்கிள் அதன் மூலத்தை எடுத்துத் தன் பெயரில் சேவை விற்றுவருகிறது.

அந்த ஆரக்கிள்தான் 2023 ஜூலையில் லினக்ஸைத் திறந்து வைப்போம் என்று நீண்ட அறிக்கை விட்டது. 2010இல் ஓப்பன்சோலாரிஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை மூடியதும் இதே ஆரக்கிள். யாரிடம் நியாயம் கேட்பது என்று சிரித்தவர்கள் பலர். இன்னொரு லினக்ஸ் நிறுவனமான சூசே ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டு ரெட் ஹாட் லினக்ஸைப் பிரித்துத் தனியாக நடத்துவதாகச் சொன்னது. ஆகஸ்டில் ஆரக்கிள், சூசே, ராக்கிக்குப் பின்னால் உள்ள சிஐக்யூ மூன்றும் ஓப்பன்எலா என்ற கூட்டணியை அமைத்தன. ஆல்மாலினக்ஸ் வேறு வழி போனது. அச்சு அசல் நகலாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, ரெட் ஹாட்டில் ஓடும் மென்பொருள் எங்களிடமும் ஓடினால் போதும் என்றது. அதனால் பிழைகளைத் தானே திருத்தும் சுதந்திரமும் அதற்குக் கிடைத்தது. நகலாகப் பிறந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது. இந்தச் சண்டையில் உருப்படியான பதில் இதுதான்.

2020க்கும் 2023க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2023இல் ரெட் ஹாட் தன் பண்டத்தைப் பற்றித் தன் முடிவை எடுத்தது. பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். 2020இல் கொடுத்த வாக்கை நடுவில் முறித்தது. முன்னதற்கு வாதம் சொல்லலாம். பின்னதற்குச் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில், 16 கணினிகள் வரை ரெட் ஹாட் லினக்ஸை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று தள்ளுபடி கொடுத்ததாலும் அது நேராகிவிடவில்லை.

சிஸ்டம்டி சண்டையின் மறுபதிப்பு பிறகு லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே நடந்தது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, சி மொழியோடு ரஸ்டுக்கும் இடம் கிடைத்தது. நினைவகப் பிழைகளைத் தொகுக்கும்போதே பிடித்துவிடும் மொழி அது. பல பத்தாண்டுகளாக சி எழுதி வரும் பராமரிப்பாளர்களுக்கு, இன்னொரு மொழியின் சுமையும் தங்கள் தலையில் விழும் என்ற அச்சம். 2025 தொடக்கத்தில் மூத்த பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், தன் பகுதியைத் தொடும் ரஸ்ட் இணைப்பை ஏற்க மறுத்தார். ஆப்பிள் கணினிகளில் லினக்ஸை ஓடவைத்த ஹெக்டர் மார்ட்டின் கொதித்தெழுந்தார். சமூக வலைத்தளத்தில் கூட்டம் சேர்த்து அழுத்தம் கொடுப்பது செல்லாது என்று டோர்வால்ட்ஸ் மார்ட்டினைக் கண்டித்தார்; மார்ட்டின் கோபத்தில் விலகினார். பிறகு ஹெல்விக்கிடம், உங்கள் நிரலை நீங்கள் கட்டுப்படுத்தலாம், அதைப் பயன்படுத்துவோரைக் கட்டுப்படுத்த முடியாது என்ற பொருளில் எழுதினார். ஹெல்விக் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2014 நவம்பர் போலவே, இரண்டு பக்கமும் ஆள் போனது.

இவை எல்லாம் எங்கோ நடக்கும் பஞ்சாயத்து என்று தமிழ் வாசகர் ஒதுங்கிவிட முடியாது. பாஸ் லினக்ஸ் டெபியன் வழியில் வந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் கைட் லினக்ஸ் உபுண்டு வழியில் வந்தது. அங்கே எட்டுப் பேர் கை தூக்குவது இங்கே கணினி எப்படி எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கைகளில் தமிழ்க் கைகளும் இருக்க முடியும். டெபியனில் ஓட்டுப் போட நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010இல் நடந்த வாக்கெடுப்பில், மொழிபெயர்ப்பவர், ஆவணம் எழுதுபவர் போன்றோரையும் முழு உறுப்பினராக வரவேற்பதென்று முடிவானது. டெபியனின் நிறுவி ஏற்கெனவே தமிழில் பேசுகிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஆள் தேவை. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. செய்த வேலையைக் காட்ட வேண்டும், ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பரிந்துரைக்க வேண்டும்.